ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் பல் டாக்டர் நாற்காலியும்

அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பால்பல் கறுக்கத் தொடங்கியிருந்தது. பொறுமையான டாக்டர் என்று நாலு பேர் சொன்ன இடத்துக்குத்தான் கூட்டிப்போனோம். நாற்காலியில் ஏறி உட்காரவும் செய்தான். அதுவரை எல்லாம் சரி. டாக்டர் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டார். அதே நொடியில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவன் கத்திய கத்தலில் வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "ரொம்ப அடம் பண்றானே, வீட்ல செல்லமோ?" என்று ஓர் அம்மா கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போதுதான் அழுதாள்.

அந்த அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்டிசமும் பல்லும் சேர்ந்து வரும் இடத்தில் ஆளுக்கொன்று அரைகுறையாகச் சொல்கிறார்கள். அதட்டினால் வழிக்கு வந்துவிடுவான் என்பது ஒரு கட்சி. இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே பல் மோசமாகத்தான் இருக்கும் என்பது இன்னொன்று. மயக்க மருந்து கொடுத்தால்தான் முடியும் என்பது மூன்றாவது. இதை டாக்டர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பல் டாக்டர் இல்லை. ஒரு பையனின் பல்லுக்காக ஆறேழு வருஷம் அலைந்த தாய்மாமன். அந்த அலைச்சலில் படித்ததையும் கேட்டதையும் புதிதாக வருகிறவர்களுக்குப் புரியும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், ஆட்டிசம்

மூளை வளரும் விதத்தில் பிறவியிலிருந்தே இருக்கும் ஒரு வேறுபாடுதான் ஆட்டிசம். பிறரோடு பேசுவது, பழகுவது, ஒரே ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொள்வது ஆகியவற்றில் அது வெளியே தெரியும். லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுதியபோது இது தனி நிலையாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. உரத்த சத்தம் கேட்டு மிரளும் பிள்ளைகள் அந்தக் கட்டுரையிலேயே வருகிறார்கள். ஆனால் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை இவர்கள் வேறு அளவில் உணர்வார்கள் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தைக் கண்டறியும் குறிகளில் ஒன்றாக ஏறியது 2013இல். எழுபது வருஷம் பிடித்திருக்கிறது! பல் விஷயத்தில் நமக்கு மிகவும் தேவைப்படுவது அந்தக் குறிதான்.

ஒரு பிள்ளையைப் போல இன்னொரு பிள்ளை இருக்காது. சரளமாகப் பேசுகிறவர் உண்டு, ஒரு சொல்லும் பேசாதவர் உண்டு. ஆகவே கீழே எழுதுவது எதுவும் எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தாது. உங்கள் வீட்டுப் பிள்ளையை இந்தக் கட்டுரையைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாண மண்டபத்தில் போன் பேசுவது

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது ஒரு முக்கியமான போன் வருகிறது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடுகிறோம். எதிரில் யாராவது வந்து தோளைத் தட்டினால் எரிந்து விழுகிறோம். அவர் செய்தது ஒன்றுமில்லை. ஏற்கெனவே காது நிரம்பிவிட்டது, அதற்குமேல் ஒரு தட்டலைக்கூடத் தாங்க இடமில்லை.

சாதாரணமாக மூளை ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டே இருக்கிறது. ஃபேன் ஓடும் ஓசை, சட்டைக் காலரில் உரசும் லேபிள், கால்விரலில் மெட்டி: இவற்றை எல்லாம் சிறிது நேரத்தில் ஒதுக்கித் தள்ளிவிடும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கித் தள்ளும் வேலை சரிவர நடப்பதில்லை. லேபிள் உரசல் காலையில் இருந்த அதே அளவில் மாலையிலும் இருக்கும். இதைப் புலன் மிகையுணர்வு என்கிறார்கள். சிலருக்கு இதற்கு நேர் எதிராக, அழுத்திப் பிடித்தால்தான் ஒன்று உறைக்கும். அவர்கள் எதையாவது கடித்துக்கொண்டே, அழுத்திக்கொண்டே இருப்பார்கள். ஒரே பிள்ளைக்குச் சத்தம் மிகையாகவும் தொடுகை குறைவாகவும் இருப்பதும் உண்டு.

இப்போது பல் டாக்டர் அறைக்குள் அந்தப் பிள்ளையாக நுழைந்து பாருங்கள். கிராம்பும் ஸ்பிரிட்டும் கலந்த நெடி. முகத்துக்கு நேரே வெள்ளை விளக்கு. மெல்லிய, விடாத விசில் போன்ற டிரில் சத்தம். அது காதுக்கு மட்டும் வருவதில்லை, தாடை எலும்பு வழியாகவும் ஏறுகிறது. எச்சில் உறிஞ்சும் குழாயின் கர்புர். ரப்பர் கையுறையின் வாசனையும் பிசுபிசுப்பும். கூடவே சாயும் நாற்காலி. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, விழப்போகிறோம் என்று கூவுகிறது. இவை எல்லாம் சேர்ந்து உடம்பில் வேறு பல இடங்களைவிட உணர்நரம்புகள் மிக நெருங்கியிருக்கும் இடத்தில், அதாவது உதட்டிலும் நாக்கிலும், வேலையைத் தொடங்குகின்றன.

எங்கள் பையனுக்கு விளக்கும் சாய்தலும் ஒரே நொடியில் வந்தன. ஒவ்வொன்றாக வந்திருந்தால் தாங்கியிருப்பானோ என்னவோ.

போர்டு இல்லாத பஸ்

இரண்டாவது காரணம் இதைவிட எளியது, ஆனால் கவனிக்கப்படாதது. தெரியாத ஊரில் போர்டு இல்லாத பஸ்ஸில் உங்களைத் தூக்கி வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போகிறது, எப்போது நிற்கும், யாரிடம் கேட்பது என எதுவும் தெரியாது. ஜன்னலோர சீட்டே கிடைத்தாலும் வயிறு பிசையும்.

அடுத்து என்ன வரும் என்று மூளை சதா கணித்துக்கொண்டே இருக்கிறது. பல் டாக்டர் "கொஞ்சம் வாயைத் திற" என்றால் நமக்குத் தெரியும்: பார்ப்பார், தட்டுவார், ஐந்து நிமிடத்தில் முடியும். "கொஞ்சம்" என்பது எவ்வளவு, முடிவு எப்போது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமல் தானாக வராது. ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போகும்போதே பாதித் தெம்பு தீர்ந்திருக்கும்.

ஆக, நாற்காலியில் நாம் பார்க்கும் கூச்சலுக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் ஓடுகின்றன: அளவுக்கு மீறி வந்து குவியும் புலன் செய்திகள், அடுத்தது என்ன என்று தெரியாத பயம். இரண்டுமே பெரும்பாலும் அறையிலும் முறையிலும் இருக்கின்றன. அவற்றை மாற்ற முடியும்.

வடகமும் தூறலும்: பல் சொத்தையாகும் விதம்

பூச்சிப்பல் என்றுதான் ஊரில் சொல்கிறோம். பூச்சி எதுவும் கிடையாது. வாயில் எப்போதும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பல்லின்மேல் வழவழவென்று ஒட்டியிருக்கும் படலத்தில் அவை குடியிருக்கும். காலையில் நாக்கால் தடவினால் தெரியுமே, அதுதான் பல் படலம். நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் அவை தின்று அமிலத்தைக் கழிவாக விடும். மார்பிள் தரையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அந்த இடம் பளபளப்பு போய் அரித்துவிடும் அல்லவா? பல்லின் வெளி ஓடான எனாமலிலும் கால்சியம்தான், அதே கதை.

ஆனால் வாய்க்குள் ஒரு மராமத்துக்காரர் இருக்கிறார். எச்சில்தான் அவர். அமிலத்தைக் கழுவி, கரைந்துபோன தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து எனாமலில் ஒட்டுவார். அவருக்கு நேரம் வேண்டும். ஒருமுறை இனிப்புத் தின்றால் வாய் பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் என்ற கணக்கில் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும்; அதற்கு மேலே ஏறியதும் மராமத்து தொடங்கும்.

மொட்டை மாடியில் வடகம் காய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரே ஒரு நல்ல மழை, அப்புறம் நாள் முழுக்க வெயில் என்றால் வடகம் பிழைத்துவிடும். அரை மணிக்கு ஒரு தூறல் என்றால் கடைசிவரை காயாது, பூசணம் பூத்துவிடும். மொத்தமாக எத்தனை சொட்டு விழுந்தது என்பதைவிட எத்தனை தடவை விழுந்தது என்பதே வடகத்தின் தலைவிதி. பல்லும் அப்படித்தான். சாப்பாட்டோடு ஒரு ஜிலேபி தின்பதைவிட, அதே சர்க்கரையை நாள் முழுக்க மிட்டாயாகச் சப்புவது பல்லுக்குக் கெடுதல்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் தானாக விளங்கும். ஆட்டிசம் எனாமலை மெலியவைப்பதில்லை. அதைச் சுற்றி அமையும் அன்றாட வாழ்க்கை தூறலை அதிகமாக்குகிறது, வெயிலைக் குறைக்கிறது.

தூறல் எங்கிருந்து வருகிறது

முதல் இடம் தட்டு. ஒரே நிறம், ஒரே பதம் கொண்ட உணவை மட்டும் தொடும் பிள்ளைகள் இவர்களில் அதிகம். எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் பிஸ்கட்டும் தயிர்சாதமும்தான். பிஸ்கட் மாவு பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு எளிதில் போகாது. சிலர் சாப்பாட்டை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது இடம், சொன்னால் பலருக்குச் சங்கடமாக இருக்கும்: தெரபி. உட்கார்ந்தால் ஒரு ஜெம்ஸ், கண்ணைப் பார்த்தால் ஒரு ஜெம்ஸ் என்று பரிசு கொடுத்துப் பழக்கும் முறை பரவலாக இருக்கிறது. ஒரு மணி நேர வகுப்பில் பன்னிரண்டு ஜெம்ஸ் என்றால் பன்னிரண்டு தூறல். பரிசை நிறுத்தச் சொல்லவில்லை, பண்டத்தை மாற்றலாம். வறுத்த கடலை, ஸ்டிக்கர், சோப்புக் குமிழ் ஊதும் குழாய் எல்லாம் வேலை செய்யும். (கடலை புரையேறாமல் தின்னக்கூடிய வயதுக்கு.)

மூன்றாவது, மருந்து. இனிப்பு சிரப்பை இரவு கடைசியாகக் கொடுத்துப் படுக்கவைத்தால் தூக்கத்தில் எச்சில் குறைவு என்பதால் சர்க்கரை அப்படியே நிற்கும். வாயை உலர்த்தும் மருந்துகளும் உண்டு. ஆட்டிசத்தோடு வலிப்பும் வரும் பிள்ளைகள் கணிசம்; வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் ஈறைத் தடிக்கவைக்கும். இதற்காக யாரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை இல்லாத வடிவம் கிடைக்குமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்கலாம், மருந்துக்குப் பின் தண்ணீர் கொடுக்கலாம். பல் டாக்டரிடம் மருந்துப் பட்டியலைக் காட்டுவது கட்டாயம்.

வெயில் குறைவதற்குப் பெரிய காரணம்: பிரஷ் வாய்க்குள் போவதில்லை.

பிரஷ் போகாத வாயில் பிரஷ் போவது எப்படி

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாற்காலியில் நடக்கும் போரில் பாதி வீட்டுக் குளியலறையிலேயே தீர்ந்துவிடும்.

எதிர்ப்பு எதற்கு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பேஸ்ட்டின் புதினாக் காரமா, நுரையா, பிரஷ் முடியின் குத்தலா, பின்னாலிருந்து தலையைப் பிடிப்பதா? நாங்கள் ஆறு மாதம் பிரஷ்ஷை மாற்றி மாற்றி வாங்கினோம். நீல நிறம், டைனோசர் போட்டது, பாட்டுப் பாடுவது. ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பேஸ்ட் தீர்ந்துபோய் வெறும் தண்ணீரில் தேய்த்தபோது அமைதியாக நின்றான்! எரிந்தது பேஸ்ட். நமக்குக் குளுகுளு என்று இருக்கும் புதினா அவனுக்கு மிளகாய்.

சுவையும் நுரையும் இல்லாத ஃப்ளூரைடு பேஸ்ட்டுகள் இருக்கின்றன. நம் ஊர்க் கடையில் தேட வேண்டியிருக்கும். ஃப்ளூரைடு என்பது எனாமலோடு சேர்ந்து அதை அமிலத்துக்கு எளிதில் கரையாதபடி ஆக்கும் ஒரு தாது. எச்சில் மராமத்துக்காரருக்கு நல்ல சிமெண்ட் கிடைத்த மாதிரி. குழந்தைகளுக்கென்று விற்கும் பேஸ்ட்டுகள் சிலவற்றில் இது இருப்பதே இல்லை, ஆகவே டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி நெளியவிடுவார்களே, அது விற்பனைக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பேஸ்ட் ஒத்துவரவே இல்லையென்றால் தண்ணீரில் தொட்டாவது தேய்க்கலாம். படலம் கலைவதே பாதி வேலை. ஃப்ளூரைடை வேறு வழியில் கொடுக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது படிப்படியாகப் போவது. எங்களுக்கு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் நிபுணர்) சொல்லிக்கொடுத்த வரிசை இது: முதல் வாரம் பிரஷ் கையில் இருந்தால் போதும். பிறகு அது உள்ளங்கையில், முழங்கையில், தோளில், கன்னத்தில். பிறகு உதடு. பிறகு முன்பல் ஒன்றில் ஒரே ஒரு தடவல், உடனே நிறுத்தம். மெல்லிய வருடலைவிட அழுத்தமான தொடுகை இந்தப் பிள்ளைகள் பலருக்கு இதமாக இருக்கும் என்பதால், தொடங்கும் முன் கன்னத்தையும் தாடையையும் வெளியிலிருந்து உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிடுவோம். நிற்க வைத்துப் போராடுவதைவிட, அம்மா மடியில் தலைவைத்துப் படுக்கப் போட்டுத் தேய்ப்பது எளிது. கடைவாய் வரை தெரியும். நாற்காலியில் சாய்வதற்கும் அதுவே ஒத்திகை.

எண்ணிக்கை பெரிய உதவி. ஒவ்வொரு பக்கமும் பத்து. பத்து என்றால் பத்துதான். "இன்னும் ரெண்டு" என்று ஏமாற்றினால் மறுநாள் வாய் திறக்காது. நான் ஒருமுறை ஏமாற்றிவிட்டு மூன்று வாரம் அனுபவித்தேன்.

சுருக்கமாக: இரவுத் தேய்ப்பை விடாதீர்கள், எரிச்சல் எங்கிருந்து என்று துப்பறியுங்கள், ஒவ்வொரு படியையும் பிள்ளை சலிக்கும் வரை செய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

வலி என்று சொல்லத் தெரியாத வலி

பசி, மூத்திர முட்டல், வலி போன்றவற்றை உடம்பு உள்ளிருந்து சொல்கிறது. அந்தச் செய்தியும் ஆட்டிசத்தில் மங்கலாகவோ இடம் மாறியோ வரலாம். பல்வலி உள்ள பிள்ளை பல்லைக் காட்டாது. திடீரென்று ஒரு பக்கமாகவே மெல்லும், பிடித்த முறுக்கை ஒதுக்கும், ராத்திரி எழுந்து உட்காரும், காதருகே அடித்துக்கொள்ளும், தலையைச் சுவரில் முட்டும். "நடத்தை மோசமாகிவிட்டது" என்று மனநல மருத்துவரிடம் ஓடும் முன் ஒரு டார்ச்சை எடுத்து வாய்க்குள் பாருங்கள். கன்னம் அல்லது தாடை வீங்கினால், அதோடு காய்ச்சலும் இருந்தால், காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டர்.

ஆறு வயதில் பால்பல் ஆடத் தொடங்கும். தன் உடம்பின் ஒரு துண்டு கழன்று ரத்தத்தோடு கையில் வருவது, முன்னறிவிப்பு இல்லாவிட்டால், யாருக்குமே திகில்தான். இதற்கென்று படங்களோடு சின்னக் கதையாக எழுதிக் காட்டும் முறை உண்டு. கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இதைச் சோஷியல் ஸ்டோரி என்கிறார்கள். "எனக்கு 20 பால்பல் இருக்கும். ஒவ்வொன்றாக ஆடும். ஆடினால் விழும். கொஞ்சம் ரத்தம் வரும், நின்றுவிடும். புதுப் பல் வரும்." இவ்வளவுதான். பல் டாக்டரிடம் போவதற்கும் அக்கா இப்படி ஒன்று செய்தாள். அந்த கிளினிக்கின் வாசல், செருப்பு கழற்றும் இடம், நாற்காலி, விளக்கு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து எட்டுப் பக்கத்தில் ஒட்டினாள். விளக்குப் பக்கத்தில் "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வேன்" என்று ஒரு வரி.

அறையை மாற்றினால் என்ன ஆகும்

இது நல்லெண்ணப் பேச்சு மட்டும்தானா, இல்லை உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள, 6 முதல் 12 வயதுவரையிலான 162 பிள்ளைகள் இரண்டு முறை பல் சுத்தம் செய்ய வந்தார்கள்: ஒருமுறை வழக்கமான அறை, இன்னொரு முறை மாற்றியமைத்த அறை. மாற்றம் என்றால் பெரிய செலவு ஒன்றுமில்லை. மேல்விளக்குகளை அணைத்துவிட்டு டாக்டர் தன் நெற்றி விளக்கை மட்டும் பயன்படுத்தினார். கூரையில் மெல்ல நகரும் காட்சிகள், தாழ்ந்த ஒலியில் இசை, தோளிலிருந்து கால்வரை இதமாக இறுக்கிப் பிடிக்கும் பட்டாம்பூச்சி வடிவப் போர்வை.

பயம் ஏறினால் உள்ளங்கை வியர்க்கும். தோலில் மின்சாரம் ஓடும் அளவு மாறும். அதை அளந்தார்கள், வீடியோவிலும் பிள்ளையின் தவிப்பைக் கணக்கிட்டார்கள். மாற்றிய அறையில் இரண்டுமே குறைந்திருந்தன. 2023இல் இது வெளியானது. பிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது அறை மட்டும்.

நம் ஊர் கிளினிக்கில் கூரைக் காட்சிக்கு எங்கே போவது? வேண்டாம். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி, காதை மூடும் ஹெட்போன், எக்ஸ்ரே எடுக்கும்போது போர்த்தும் கனமான ஈயக் கவசம்: மூன்றும் போதுமான தொடக்கம். ஈயக் கவசம் ஏற்கெனவே பெரும்பாலான கிளினிக்கில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். நாற்காலியை முன்பே சாய்த்துவைத்துவிட்டு, பிள்ளையைத் தானாகப் படுக்கச் சொன்னால் விழும் பயமும் இல்லை.

முறையையும் மாற்றலாம். சொல், காட்டு, அப்புறம் செய் என்பது 1959லிருந்து குழந்தைப் பல் மருத்துவத்தில் வழங்கும் பாடம். "இது காற்று ஊதும்" என்று சொல்லி, கை நகத்தில் ஊதிக் காட்டி, பிறகே பல்லில் ஊதுவது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சொல்வதைக் குறைத்துக் காட்டுவதைக் கூட்ட வேண்டும். "ஊசி போட்டதும் பல் தூங்கிடும்" போன்ற அலங்காரப் பேச்சு கூடாது. பல் எப்படித் தூங்கும் என்று எங்கள் பையன் ஒரு வாரம் கேட்டான்.

இன்னொன்று பழக்கப்படுத்துதல்: எந்தச் சிகிச்சையும் செய்யாமல் சும்மா வந்துபோகும் வருகைகள். முதல் நாள் வாசல். இரண்டாம் நாள் நாற்காலி. மூன்றாம் நாள் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியால் பல் எண்ணுவது. நேர விரயம் என்று தோன்றும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 168 பிள்ளைகளை இப்படிப் பழக்கியபோது, முக்கால் பங்குக்கும் மேற்பட்டோருக்கு ஒன்றிரண்டு வருகையிலேயே நாற்காலியில் அடிப்படைப் பரிசோதனை முடிந்தது. ஐந்து வருகைக்குள் 87.5 சதவீதம். "இவனுக்கு முடியவே முடியாது" என்று முதல் நாளே முத்திரை குத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

போகும் முன் போன் செய்து இவற்றைக் கேளுங்கள்: அன்றைய முதல் டோக்கன் கிடைக்குமா, காத்திருக்காமல் நேரே உள்ளே போகலாமா, ஒவ்வொரு முறையும் அதே டாக்டரா, பத்து எண்ணி நிறுத்தச் சம்மதமா. கடைசிக் கேள்விக்குச் சிரிக்கிற கிளினிக்கை விட்டுவிடலாம். குழந்தைப் பல் மருத்துவர் என்று தனிப் படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் அதற்குத் தனித் துறையே உண்டு. முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை காட்டிவிடுவது உத்தமம். வலி வந்தபின் நடக்கும் முதல் சந்திப்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. எங்களுக்கு அப்படித்தான் கெட்டது.

டிரில் இல்லாத வைத்தியம்

சொத்தை என்றால் குடைந்து அடைக்க வேண்டும் என்பது இப்போது கட்டாயமில்லை. ஃப்ளூரைடு வார்னிஷ் என்பது பல்லில் பிரஷ்ஷால் பூசும் பிசின். ஒரு நிமிட வேலை, எச்சில் பட்டதும் இறுகிக்கொள்ளும். பேஸ்ட் ஒத்துவராத பிள்ளைக்கு ஃப்ளூரைடு போகும் வேறு வழி என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

சொத்தை வந்துவிட்ட பல்லுக்குச் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு. வெள்ளியும் ஃப்ளூரைடும் கலந்த ஒரு சொட்டுத் திரவம். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், ஃப்ளூரைடு இளகிய இடத்தைக் கெட்டிப்படுத்தும். சொத்தை பல நேரம் பரவாமல் நின்றுவிடும். ஊசி இல்லை, டிரில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்று உண்டு: சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் பெற்றோர் தயங்குவது நியாயம். உலோகச் சுவையும் இருக்கும், அதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொத்தை நரம்பைத் தொட்டு வலிக்கத் தொடங்கிவிட்டால் இது பயன்படாது.

கைக்கருவியால் மட்டும் சுரண்டி, கிளாஸ் அயனமர் என்ற சிமெண்டால் அடைப்பதும் உண்டு. மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காகத் தான்சானியாவில் 1980களில் தொடங்கிய முறை அது. சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கும் கைகொடுக்கிறது.

கட்டிப்பிடிப்பதும் மயக்க மருந்தும்

நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்குவது இன்னும் நடக்கிறது. அன்றைய வேலை முடியும். அதன்பிறகு பல வருஷம் அந்தப் பிள்ளை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஓடும். தானாக விரும்பிப் போர்த்திக்கொள்ளும் கனமான போர்வையும் பெல்ட் போட்டுக் கட்டுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். விலக்கச் சொன்னதும் விலக்குகிறார்களா என்பதுதான் வித்தியாசம்.

மயக்க மருந்தை நான் எதிர்க்கவில்லை. பல பற்களில் ஆழமான சொத்தை, தாளாத வலி, நாற்காலிக்கே வர முடியாத நிலை என்றால், மயக்க மருத்துவர் உடனிருக்கும் ஆஸ்பத்திரியில் பொது மயக்கம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது சரியான வழி. முழு நினைவு தப்பச் செய்து, மூச்சையும் இதயத்தையும் இயந்திரத்தில் கவனித்துக்கொள்வதுதான் பொது மயக்கம். வேறு ரத்தப் பரிசோதனை பாக்கி இருந்தால் அதையும் அப்போதே எடுத்துவிடச் சொல்லலாம். வெறும் வயிற்றோடு காத்திருப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம் என்பதால் காலையில் முதல் ஆளாகக் கேட்டு வாங்குங்கள். மயக்கத்தில் பல்லைச் சரிசெய்யலாம், தூறலை நிறுத்த முடியாது. வீட்டுப் பழக்கம் மாறாவிட்டால் இரண்டு வருஷத்தில் அதே மேசைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

செலவுக்கு ஒரு வழி: இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கோரலாம். சான்றிதழும் பதிவும் முன்பே முடிந்திருந்தால் அவசரத்தில் அலைய வேண்டியதில்லை.

எங்கள் பையனின் அந்தக் கறுத்த கடைவாய்ப்பல்லைக் குடையவில்லை. வேறொரு டாக்டரிடம், நான்கு சும்மா வருகைகளுக்குப் பிறகு, ஐந்தாவதில் சில்வர் சொட்டு வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்துவரை அவனே எண்ணினான். பதினொரு வயதில் அந்தப் பல் தானாக ஆடி விழுந்தது. சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப் பல் நன்றாக முளைக்கும் என்று பாட்டி ஆசைப்பட்டார். அவன் கொடுக்கவில்லை. சோஷியல் ஸ்டோரியில் அப்படி ஒரு பக்கம் இல்லை என்றான். விழுந்த தேதியை ஒரு சீட்டில் எழுதி, பல்லோடு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறான்.